முப்பத்தெட்டாம் நம்பர் மாப்பிள்ளை

மனுசன் கோவிச்சுக்கிட்டு எங்கெங்கயோ போயி உக்காந்திருக்கான், கெணத்து மேட்டுல உக்காந்திருக்கான், பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கான், மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்திருக்கான், ஆனா கரூர்ல இருந்து கெளம்பி, ரெண்டு ஏரோப்ளேன் மாறி, ஜப்பானுக்குப் போயி, அங்க ஒரு சுண்ணாம்புக் குகைக்குள்ள எறங்கிக் கோவிச்சுக்கிட்டு உக்காந்தவன் எங்க சகலை கிருபாகரன் ஒருத்தன்தான், அந்தப் பெருமைய அவன்கிட்ட இருந்து நான் புடுங்கப் போறதில்ல.

எங்க மாமனார் சென்னியப்பனுக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். மூத்தவ கோகிலா என் வீட்டுக்காரி. அடுத்தவ சுகன்யா, அவளக் கட்டுனவன்தான் கிருபாகரன், கொசுவலை கம்பெனி வெச்சிருக்கறவன், எந்நேரமும் யாரோ அவனக் கடிச்சுட்ட மாதிரியே மூஞ்சிய வெச்சிருப்பான். கடைசிப் பையன் தினகரன் ஜப்பான்ல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு. அங்க இருந்து இருந்து குனியறது பழக்கமாயி, போன்ல பேசுனாக்கூட இப்பக் குனிஞ்சுதான் பேசறான். மாமியார் போன வருசம் தவறிட்டாங்க. அதுக்கப்பறம் டிவிக்கு முன்னால உக்காந்து டிவியப் போடாமப் பார்த்துக்கிட்டிருந்த அப்பாவ எப்படியாவது வெளிய கூட்டிட்டு வாங்க, ஒரு கேம்பர் வேன் எடுத்து இயற்கையா உண்டான குகை பத்துப் பாக்கலாம்னு கூப்பிட்டவன் தினகரன்தான். எதுக்குடா குகைன்னு கேட்டேன். "அங்க ரொம்ப அமைதியா இருக்கும் மச்சான்"னான். நாங்க ஆறு பேரும் போயி அந்தக் கொறையத் தீத்து வெச்சோம்.

வேன ஓட்டுனது நான். பஸ் பாடி கட்டற பட்டறையில ஃபோர்மேன் நானு, எந்த வண்டியப் பார்த்தாலும் மொதல்ல குனிஞ்சு அடியப் பாக்கற ஆளு. அந்த வேனுக்குள்ள அடுப்பு இருந்துச்சு, கை கழுவற தொட்டி இருந்துச்சு, சுவத்துல இருந்து மேசை வந்துச்சு, மேசைய மடிச்சாக் கட்டில் வந்துச்சு, கட்டிலத் தூக்குனாக் கக்கூசு வந்துச்சு. வேலை சுத்தம்தான், கொறை சொல்ல முடியாது. ஆனா மூணு ரூட்டு பஸ் ஓட்டுன முதலாளி எங்க மாமா, கொசுவலை முதலாளி, அவங்க கொண்டாந்த பெட்டி, கோகிலா கொண்டாந்த குக்கரு, இதெல்லாம் ஒரே எடத்துல மூச்சு விடறதுக்குன்னு அதக் கட்டுனவன் யோசிக்கல.

மொதக் குகையில தண்ணி சொட்டுச்சு. அம்பது மைல் ஓட்டிப் போயி ரெண்டாவது குகையப் பார்த்தோம், அதுலயும் தண்ணி சொட்டுச்சு. "நம்மூட்டுப் பாத்ரூம் பைப்பு மாதிரியே இருக்குதே"ன்னு மாமா சொன்னாரு. அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு கல்லப் பார்த்தாச் சும்மா இருக்க முடியாது, அதுக்கு ஒரு நம்பரப் போட்டு, கொடைன்னோ காளான்னோ ஒரு பேரு வெச்சு, பக்கத்துல கலர் லைட்டப் போட்டுருவாங்க. நம்மாளுங்களுக்கும் கல்லப் பார்த்தாச் சும்மா இருக்க முடியாது, பொட்டு வெச்சிருவாங்க. வித்தியாசம் கரண்டு பில்லுதான்.

மூணாவது குகை குராமிசுங்கற ஊர்ல இருந்துச்சு. சின்ன ஊரு, ஒரு குகை, ஒரு பலகாரக் கடை, அந்தக் கடைக்கு ஒரு பூனை. குகை வாசல்ல வேன நிறுத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு கோகிலா அரிசிம்பருப்பு சாதம் வெச்சா. குக்கரு ஆறு விசிலு அடிச்சதும் சுத்தி நின்ன கார்ல இருந்தெல்லாம் ஆளுங்க எறங்கி வந்து, ஏதாவது ஆபத்தான்னு தினகரனக் கேட்டுட்டுப் போனாங்க. ஆபத்து அப்பத்தான் தட்டுல விழுந்துச்சு. வண்டி ஓட்டறவனாச்சே, சாப்பிட்டுக் கொஞ்சம் சாஞ்சு எந்திரிக்கட்டும்னு கோகிலா எனக்கு மொதல்ல சாதத்தப் போட்டு, மொத நெய்யையும் எனக்கே ஊத்திட்டா.

கிருபாகரன் பார்த்தான். தட்ட எடுத்துக் கட்டில் மேல வெச்சான். ஒரு வாய் கூடத் தொடல.

அவனப் பத்தி இங்கயே சொல்லீர்றேன். கல்யாணத்தன்னைக்கு மாலை ரெண்டு விரக்கடை சின்னதா இருக்குதுன்னு மணவறையில இருந்து எந்திரிச்சுப் போயி கார்ல உக்காந்தவன், ஆடி அழைப்புக்கு வந்தப்பத் தண்ணிச் சொம்பு வர நேரமாச்சுன்னு செருப்பக் கழட்டாம பொழுது சாயற வரைக்கும் வாசல்ல நின்னவன், எங்க புது வீட்டுப் பத்திரிகையில அவன் பேருக்குப் பக்கத்துல படிப்பப் போடலைன்னு பால் காய்ச்சற நேரத்துல மாடிக்குப் போயிட்டவன், கடைசியா அத்தை செத்தன்னைக்குத் தோள் குடுக்க அவன மொதல்ல கூப்பிடலைன்னு பந்தலுக்கு வெளிய போயிக் கைய கட்டிக்கிட்டு நின்னான், அன்னைக்குத்தான் அவன யாரும் சமாதானம் பண்ணல, ஏன்னா அவன எப்பவும் சமாதானம் பண்றவங்கதான் அங்க படுத்திருந்தாங்க.

சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் உள்ள போனோம், குகைக்குள்ள நம்பர் போட்ட பாறை முப்பத்தேழு. முப்பத்தேழாவதுக்கு "நூறு தட்டு"ன்னு பேரு. அதத் தாண்டினதும் நடைபாதை ஓரமா சப்பையா ஒரு கல்லு இருந்துச்சு, எந்த நம்பரும் இல்லாத கல்லு. கிருபாகரன் அதுல உக்காந்தான்.

"நான் வரல. நீங்க போங்க."

நாங்க போயிட்டோம். அது தப்புன்னு சொல்றவங்களுக்கு எங்க சனத்தோட மொறை தெரியாது. மாப்பிள்ளை "நீங்க போங்க"ன்னு சொன்னாப் போயிரோணும், போனதுக்கப்பறம் ஒரு ஆளு திரும்பி வந்து கூப்பிடோணும். மொதத் தடவை கூப்பிட்டா மாப்பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்குவான். ரெண்டாவது தடவை கூப்பிட்டா "எனக்குப் பசியில்ல"ம்பான். மூணாவது தடவை கூப்பிட்டா, என்னமோ ஊரு ஒலகத்துக்காகப் பெரிய மனசு பண்ற மாதிரி எந்திரிச்சு, பின்னால ஒட்டியிருக்கற மண்ணத் தட்டிட்டுச் சாப்பிட வருவான். ஒரு கூப்பாடு கொறைஞ்சாலும் எந்திரிக்க மாட்டான். ஆறு வருசமா அந்தக் கூப்பாட்டு வேலையப் பார்த்தது அத்தை. அவங்க போனதுக்கப்பறம் அந்த எடத்துக்கு ஆளப் போடலைங்கறது, ஜப்பான்ல ஒரு பலகாரக் கடையில பூனையத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தப்பத்தான் எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல தோணுச்சு.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குகைய மூடணும். குகை ஆபீசோட தலைவரு மிசுதானி, தொப்பி போட்ட பெரியவரு, டார்ச்ச எடுத்துக்கிட்டு உள்ள போனாரு, சுகன்யாவும் கூடப் போனா. கால் மணி நேரத்துல ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க.

"ஒட்டிக்கிச்சு மச்சான்"னா அவ. "கணுக்கால் வரைக்கும் சுண்ணாம்பு வெள்ளையா ஏறியிருக்குது. எந்திரிங்கன்னா, உன்னைய யாரு கூப்பிடச் சொன்னாங்கறாரு."

நான் உள்ள போயிப் பார்த்தேன். மேல இருந்து தண்ணி சொட்டு சொட்டா, வேற எங்கயும் சிந்தாம, அவன் காலு மேல மட்டும் விழுந்துக்கிட்டிருந்துச்சு. விரல் கணுவால தட்டிப் பார்த்தேன். தகரத்தத் தட்டியே தடிமன் சொல்ற ஆளு நானு. மூணு மில்லி இருக்கும், முட்டை ஓட்டு மாதிரி. "சகலை, காலத் தூக்குனீங்கன்னா உதுந்துரும்"னேன். அவன் காலத் தூக்கல. கூப்பிடறதுக்குச் சகலைக்கு அதிகாரம் கெடையாது, அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மிசுதானி விதிப் புத்தகத்தப் பெரட்டுனாரு. மூடுனதுக்கப்பறம் குகைக்குள்ள பார்வையாளருங்க இருக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. கணுக்கால் வரைக்கும் சுண்ணாம்பு ஏறின ஆளு பார்வையாளரா பாறையான்னு மட்டும் அதுல இல்ல. அடுத்த நாள் காலையில கமிட்டி கூடி, டேப்பு வெச்சு அளந்து, அப்ப முழங்கால் வரைக்கும் ஏறியிருந்ததால, பாறைதான்னு முடிவு பண்ணுனாங்க. பாறைன்னு ஆனதுக்கப்பறம் உளியோ சுத்தியலோ படக் கூடாது, அது சட்டம். "ஆனா அவராவே எந்திரிச்சா அது அவரோட விருப்பம், அதுக்கு எந்தத் தடையும் இல்ல"ன்னு மிசுதானி சொன்னதா தினகரன் குனிஞ்சுக்கிட்டே மொழிபெயர்த்தான். ஒரு சென்டிமீட்டர் வளர நூறு வருசம் ஆகும், இவரு ஒரே நாள்ல ஒன்றரை சாண் வளர்ந்துட்டாரே, எப்படின்னு கேட்டாராம். உள்ளுக்குள்ள ஏற்கனவே வேலை முடிஞ்சிருச்சு, தண்ணி வெளிப்பூச்சுதான் பூசுதுன்னு சொல்லச் சொன்னேன். அவரு அத ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

அன்னைக்கே நம்பர் பலகை வந்துச்சு. முப்பத்தெட்டு. பேரு, "அழைப்புக்குக் காத்திருக்கும் விருந்தாளி". ஊதாக் கலர்ல ஒரு லைட்டு.

அந்த ஊரு அவன எடுத்துக்கிட்ட மாதிரி எங்க வீட்டுல கூட அவன எடுத்துக்கிட்டதில்ல. பலகாரக் கடைக்காரம்மா கைய கட்டி உக்காந்திருக்கற மாதிரி ஒரு அரிசிப் பலகாரம் பண்ணி, உள்ள இனிப்புக்குப் பதிலா ஒறைப்பு வெச்சு வித்தாங்க. ஆபீசுல அவன் உருவத்துல ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு வெச்சாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரிசையில நின்னு நோட்டுல குத்திக்கிட்டாங்க. கூட்டம் கூட்டமா வந்தவங்க அவன் முன்னால நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்புட்டுட்டுப் போனாங்க. அவன் முகம் அப்பத் தெளிஞ்சு இருந்தத நான் என் கண்ணால பார்த்தேன்.

அந்த ஊர்ல வயசான பொம்பளைங்களுக்கு இது ஆச்சரியமாவே இல்ல. ஆதியில அவங்க சூரிய சாமியே, அது பொம்பளை சாமி, தம்பி பண்ணுன அழும்புல கோவிச்சுக்கிட்டு ஒரு குகைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சாம், ஒலகமே இருண்டு போச்சாம், மத்த சாமியெல்லாம் வாசல்ல கூடி ஆடிக் கூத்தடிச்சுச் சிரிச்சதும், என்ன இவ்வளவு சிரிப்புன்னு அது எட்டிப் பார்த்துச்சாம், கையப் புடிச்சு வெளிய இழுத்துட்டாங்களாம். அதனால மூணாம் நாளு காலையில அந்தப் பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு மேளம் ஒண்ணு கொண்டாந்து, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, அவன் முன்னால ஆடுனாங்க. நல்லாத்தான் ஆடுனாங்க. எண்பது வயசு அம்மா ஒண்ணு கோழி மாதிரி நடந்து காட்டுனதுல எங்க மாமாவே சிரிச்சுட்டாரு. சுகன்யாவும் சிரிச்சா. அவளுக்குக் கல்யாணமாயி ஏழு வருசத்துல அவ பல்ல நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

ஆனா சூரியனுக்குப் பண்றது வேற, கரூர் மாப்பிள்ளைக்குப் பண்றது வேற. சிரிப்புச் சத்தம் கேட்டா என்னன்னு எட்டிப் பாக்கற வர்க்கம் இல்ல அவன், என்னையத்தான் சிரிக்கறாங்கன்னு முடிவு பண்ற வர்க்கம். மேளம் நிக்கறதுக்குள்ள சுண்ணாம்பு இடுப்பு வரைக்கும் வந்துருச்சு.

இதுக்கு நடுவுல அவன் கையில போன் இருந்துச்சு. குகைக்குள்ள ஆபீசுக்காரங்க வைஃபை வெச்சிருந்தாங்க. "சிலருக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியாது"ன்னு ஒரு ஸ்டேட்டஸ். "ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவனுக்கு மொத நெய்"ன்னு இன்னொண்ணு, அது எனக்கு. நாலாம் நாளு கட்டை விரலையும் சுண்ணாம்பு புடிச்சுக்கிச்சு, ஸ்டேட்டஸ் நின்னு போச்சு. ஆனா அதுக்குள்ள எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல எண்பத்தி நாலு பேரு முழிச்சுக்கிட்டாங்க.

எண்பத்தி நாலு பேரும் ஒண்ணத்தான் சொன்னாங்க, யாராச்சும் போயிக் கூப்பிடுங்கப்பா. யாரு கூப்பிடணுங்கறதுலதான் எண்பத்தி நாலு கருத்து. மச்சினன் கூப்பிடலாம்னு ஒருத்தரு, சின்னவன் கூப்பிட்டாச் செல்லாதுன்னு இன்னொருத்தரு, வீடியோ கால்ல பெரியவங்க கூப்பிட்டா ஆகுமான்னு கோயமுத்தூர்ல இருந்து ஒரு வக்கீலு. கடைசியில, மாமியா இல்லாத வீட்டுல மாமனார்தான் கூப்பிடோணும்னு தீர்ப்பாச்சு.

மாமா வேனுக்குள்ள மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தாரு.

"நான் கூப்பிட மாட்டேன் மாப்பிள்ளை"ன்னாரு என்கிட்ட. "முப்பது வருசம் பஸ் ஓட்டியிருக்கேன். ஏறுங்கன்னு ஒருத்தன்கிட்டயும் கெஞ்சுனதில்ல. வண்டி நிக்கும், ஏறறவன் ஏறுவான்."

"இது பஸ் இல்லீங் மாமா."

"எல்லாம் பஸ்சுதானுங்க."

"அப்பா, ஒரே ஒரு வார்த்தைப்பா"ன்னு சுகன்யா கெஞ்சுனா. "கழுத்துக்கு வந்துருச்சுன்னாத் திரும்பக் கூட முடியாதுப்பா."

"உங்கம்மா அவனக் கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேந்தா அம்மிணி. நானும் போகோணுமா?"

அஞ்சாம் நாளு கிருபாகரனோட அண்ணன் கரூர்ல இருந்து வாய்ஸ் மெசேஜு அனுப்புனாரு, மூணு நிமிசம், அதுல ரெண்டு நிமிசம் தொண்டையக் கனைச்சாரு. கூப்பிடறவங்க கூப்பிடற வரைக்கும் சுகன்யா புருசன் பக்கத்துலயே உக்காந்திருக்கோணும், ஊர் சுத்திக்கிட்டுத் திரியறது குடும்பத்துப் பொண்ணுக்கு அழகில்ல, வேன் கெளம்புனாக்கூட அவ கெளம்பக் கூடாது, தனியாத் திரும்பி வந்தா இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது. இவ்வளவுதான் சேதி. தினகரன் அத மிசுதானிகிட்ட சொன்னானாம். எதுக்குடா சொன்னன்னு கேட்டா, அவரு கேட்டாரு மச்சாங்கறான். மிசுதானி உடனே வருத்தம் தெரிவிச்சு, நூறு தடவை மன்னிப்புக் கேட்டு, பாறைக்குப் பக்கத்துல ஒரு பெஞ்சு போட்டுக் குடுத்தாரு.

சுகன்யா அதுல உக்காந்தா. ஒரு நாள் பூராவும் உக்காந்தா. கூட்டம் வந்துச்சு, அவனக் கும்புட்டுச்சு, அவளையும் சேத்துக் கும்புட்டுச்சு. மத்தியானம் கோகிலா சாப்பாடு கொண்டு போனப்ப, "அவரு சாப்பிடாம நான் எப்படிக்கா"ன்னு திருப்பி அனுப்பிட்டா. ஏழு வருசமா அவன் கோவிச்சுக்கிட்ட நாளெல்லாம் அவளுக்கும் பட்டினிதான். அதையும் ஒரு மொறைன்னு வெச்சிருந்தாங்க.

அடுத்த நாள் சாயங்காலம் வெளிய வந்தவ, வேன் படியில உக்காந்து, செருப்பக் கழட்டி, கொண்டை ஊசியால கால்ல எதையோ சொரண்டிக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல போயி நின்னேன். கால் பெருவிரலுக்கு அடுத்த விரல்ல, மெட்டியச் சுத்தி, ஒரு ரூவாக் காசு அகலத்துக்கு வெள்ளையா ஏறியிருந்துச்சு.

"எப்ப இருந்து?"

"மத்தியானத்துல இருந்துங்க மச்சான். மேல இருந்து இன்னொரு எடத்துல சொட்ட ஆரம்பிச்சுது. பெஞ்சத் தள்ளிப் போட்டேன். அதுவும் தள்ளி வந்துது."

"நீ யாருகிட்ட கோவிச்சுக்கிட்ட?"

"நான் யாருகிட்ட கோவிக்கறது? அவரு பக்கத்துல உக்காந்திருந்தாப் போதுமாட்ட இருக்குது." கொண்டை ஊசியால இன்னொரு கீறு கீறுனா. "அந்தப் பெரியவரு ஆபீசுல ஒரு பலகை எழுதிக் காய வெச்சிருக்காரு மச்சான். தினகரன்கிட்ட என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லக்கான்னு குனிஞ்சுக்கிட்டான்."

நான் போயிப் பார்த்தேன். எழுத்துப் புரியல. நம்பர் புரிஞ்சுது. முப்பத்தொம்பது.

திரும்பி வந்தப்ப மாமா வேன விட்டு எறங்கி நின்னுக்கிட்டிருந்தாரு. மகளோட கால எடுத்து மடி மேல வெச்சு, என் பெட்டியில இருந்து எடுத்த உப்புத்தாள வெச்சு மெதுவாத் தேச்சுக்கிட்டிருந்தாரு. தகரத்துல துரு எடுக்கற தாளு அது.

"நாளைக்கு நான் கூப்பிடறேன்"னாரு. "அரிசிம்பருப்பே வெச்சிருங்க. நெய்ய அவனுக்கே மொதல்ல ஊத்திக்கலாம்."

நாளைக்குங்கறதுதான் எங்களுக்கு மிச்சம் இருந்த ஒரே நாளு, அதுக்கு மறுநாள் வேனத் திருப்பிக் குடுக்கோணும், ஏரோப்ளேன் ஏறோணும்.

ஏழாம் நாளு காலையில பத்து மணிக்கு நாங்க உள்ள போனோம். மாமா வேட்டி கட்டி, மேல ஸ்வெட்டர் போட்டிருந்தாரு. கோகிலா கையில சாதம், சுகன்யா கையில தட்டு. குகைக்குள்ள சாப்பாடு கூடாதுன்னு விதி, ஆனா மிசுதானி அத "சடங்குப் பொருள்"னு ஒரு படிவத்துல எழுதி முத்திரை குத்திக் குடுத்துட்டாரு. மூணு கூப்பாட்டு மொறையப் பத்தி தினகரன் முன்னாடியே எல்லாருக்கும் வெளக்கிட்டதால, ஊரே நடைபாதை ஓரமா வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு, பலகாரக் கடைக்காரம்மா, ஆடுன பொம்பளைங்க, ஸ்டாம்பு நோட்டோட புள்ளைங்க, எல்லாரும் தேர்வு முடிவுக்கு நிக்கற மாதிரி நின்னாங்க.

கிருபாகரனுக்குத் தாடை வரைக்கும் ஏறியிருந்துச்சு. கீழ் உதட்டுக்கு ஒரு விரக்கடை மிச்சம். காதெல்லாம் வெள்ளை. நான் நெஞ்சுல தட்டிப் பார்த்தேன். இன்னமும் அதே மூணு மில்லிதான். கொஞ்சம் நிமுந்து ஒரு பெருமூச்சு விட்டிருந்தான்னா அத்தனையும் உதுந்து விழுந்திருக்கும். வாயையும் மூக்கையும் மூடுனதுக்கப்பறம் பெருமூச்சு விட முடியாது, அதுதான் அவசரம்.

மாமா முன்னால போயி நின்னு, தொண்டையச் செருமுனாரு.

"மாப்பிள்ளை, சாப்பிட வாங்க."

கிருபாகரனுக்கு மூஞ்சியத் திருப்ப முடியல, அதனால கண்ண மட்டும் திருப்பிக்கிட்டான். கூட்டத்துல "ஓ"ன்னு ஒரு சத்தம். ஒண்ணு ஆச்சுன்னு ஒரு புள்ளை விரலத் தூக்கிக் காட்டுச்சு. மேல இருந்து ஒரு சொட்டு விழுந்து, தாடையில வழிஞ்சு நின்னுது.

மாமா எச்சில முழுங்குனாரு. ஒரு மனுசன் எழுபது வருசத்து வீம்ப முழுங்குனா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன், தொண்டைக் குழி ஏறி எறங்குச்சு.

"தப்பு எங்க பேர்லதானுங்க. உங்களுக்குத்தான் மொதல்ல ஊத்தியிருக்கோணும். சுகன்யா கால்ல கூட ஏற ஆரம்பிச்சிருச்சுங்க மாப்பிள்ளை. எந்திரிச்சு வாங்க, எல்லாருமாச் சாப்பிடலாம்."

கிருபாகரன் அவ கால ஒரு தடவை பார்த்தான். அப்பறம் கூட்டத்தப் பார்த்தான். அத்தனை பேரு அவன் ஒருத்தன் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கறது அவனுக்கு ஆயுசுல ஒரு தடவைதான் வாச்சிருக்குது.

"எனக்குப் பசியில்ல"ன்னான். கொஞ்சம் நிறுத்தி, "அவளுக்கும் பசிக்காது"ன்னான்.

ரெண்டுன்னு அந்தப் புள்ளை காட்டுச்சு. மிசுதானி தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டாரு. அடுத்த சொட்டு மேல தெரண்டு, ஊதா லைட்டுல மின்னி, விழலாமா வேண்டாமான்னு தொங்கிக்கிட்டிருந்துச்சு. மாமா மூணாவது தடவைக்கு மூச்ச இழுத்தாரு.

"இருங்கப்பா"ன்னா சுகன்யா.

அப்பா தோளப் புடிச்சுப் பக்கத்துல நகத்துனா. பெஞ்சுல உக்காரல, கீழ நடைபாதையிலயே சம்மணம் போட்டு உக்காந்தா. கோகிலா கையில இருந்த பாத்திரத்த வாங்கித் தட்டுல சாதத்தப் போட்டா, ஆவி பறந்துச்சு, நெய்ய எடுத்துத் தாராளமா ஊத்துனா, பெசஞ்சா, ஒரு வாய் எடுத்து வெச்சா. சூடா இருந்திருக்கும் போல, வாயத் திறந்து "ஹா"ன்னு ஊதிட்டு மென்னா. ரெண்டாவது வாய் வெச்சா. எண்பது வயசு அம்மா முட்டி போட்டு அவ பக்கத்துல உக்காந்து, தண்ணிப் பாட்டில அவ கைக்கு எட்டற மாதிரி வெச்சாங்க.

கிருபாகரன் கண்ணு ரெண்டும் தட்டுக்கும் அவ வாய்க்கும் போயிப் போயி வந்துச்சு.

"சுகன்யா"ன்னான். "ரெண்டு தடவைதான் ஆயிருக்குது."

"எனக்கு எண்ணத் தெரியுமுங்க"ன்னு சொல்லிட்டு, அவ மூணாவது வாய உருட்டுனா.